பட்டாளத்தாரைக் கேளுங்கள்: ஆறு மாதம், மூன்று நாள்

போன இதழில், போர் வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பற்றி எழுதும்போது, அதை வாங்கிய அருண் கேத்தர்பால் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ‘டாங்கி ஓட்டிய ஆளே டாங்கிக்காரரை இப்படிக் கைகழுவலாமா?’ என்று நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். நியாயம்தான். இந்த இதழ் அவருக்கு. மற்றக் கேள்விகள் பத்திரமாக இருக்கின்றன. பென்ஷன் அரியர்ஸ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். அரியர்ஸும் அப்படித்தான் வரும், பழகியிருப்பீர்கள்.

கல்லூரி மாணவி, திருவண்ணாமலை: யார் இந்த அருண் கேத்தர்பால்? எனக்கு இப்போது 21 வயது. அவருக்கும் அதே வயது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வயதில் என்ன சாதித்திருக்க முடியும்?

பிறந்தது 1950 அக்டோபர் 14, புனேயில். அப்பா எம்.எல். கேத்தர்பால் ராணுவப் பொறியாளர் படை அதிகாரி, பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். தாத்தா முதல் உலகப் போரில் இருந்தவர். அதற்கும் முந்தைய தலைமுறை சீக்கிய அரசின் படையில். எங்கள் வேலூர்ப் பக்கம் சில ஊர்களில் வீட்டுக்கு வீடு சுவரில் சீருடைப் படம் தொங்கும். அந்த மாதிரிக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படித்தது சனாவர் லாரன்ஸ் பள்ளி. 1967-ல் தேசியப் பாதுகாப்பு அகாடமி, அப்புறம் டேராடூன் ராணுவ அகாடமி. 1971 ஜூன் 13 அன்று செகண்ட் லெஃப்டினன்டாகப் பதவியேற்று 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைக்குப் போனார். (அந்தப் பதவியே இப்போது இல்லை. நேராக லெஃப்டினன்ட்தான்.) இறந்தது அதே வருடம் டிசம்பர் 16. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: ஆறு மாதம், மூன்று நாள். அவருடைய மொத்த சர்வீஸும் அவ்வளவுதான். நான் 24 வருடம் ஓட்டினேன். முதல் ஆறு மாதத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது பூட்ஸுக்கு பாலிஷ் போடுவதும், மெஸ் வரிசையில் முன்னால் போய் நிற்பதும்தான்.

பாகிஸ்தானோடு போர் வரப்போகிறது என்ற சமயத்தில் அவர் அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். பாதியில் ரெஜிமென்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற வழியில் டெல்லியில் வீடு. பெட்டி கட்டும்போது கோல்ஃப் மட்டைகளையும், விருந்துக்குப் போடும் நீலச் சீருடையையும் எடுத்து வைத்தாராம். எதற்குடா இதெல்லாம் என்று கேட்டதற்கு, லாகூரில் கோல்ஃப் ஆடப்போகிறேன், ஜெயித்த பிறகு விருந்து நடக்குமே, அதற்குச் சட்டை வேண்டாமா என்றாராம். வீட்டார் பின்னாளில் சொன்னது இது. வீரவசனமாக இதைத் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு இது 21 வயதுப் பையனின் வாய்த்துடுக்காகத்தான் படுகிறது. அதனால்தான் பிடித்தும் இருக்கிறது. சண்டைக்குப் போகிறவன் பெட்டியில் பனியனும் மஃப்ளரும் வைக்காமல் கோல்ஃப் மட்டை வைக்கிறான் என்றால், திரும்பி வருவதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ரெஜிமென்டின் கமாண்டர் லெஃப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங். பயிற்சியை முடிக்காத பையனைச் சண்டைக்குக் கூட்டிப் போவதா என்று அவர் முதலில் தயங்கினாராம். பையன் விடவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர், ஆம்பூர்: 16.12.71 என்றதும் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததுதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு மேற்கே எங்கே சண்டை?

ஷகர்கர் பகுதியில். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஜம்முவுக்கும் பதான்கோட்டுக்கும் நடுவே பாகிஸ்தான் எல்லை ஒரு முட்டு மாதிரி நம் பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து அவர்கள் கொஞ்சம் முன்னேறினாலும் ஜம்மு போகும் சாலை அறுந்துவிடும். அதற்கு முன்னால் நாம் உள்ளே போய்விட வேண்டும் என்பது திட்டம். குறுக்கே பசந்தர் ஆறு. ஆறு பெரிய விஷயமில்லை, ஆற்றைச் சுற்றிப் புதைத்திருந்த கண்ணிவெடிதான் விஷயம்.

டிசம்பர் 15 ராத்திரி காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் கால் ஊன்றியது. பின்னால் டாங்கி வருவதற்குப் பொறியாளர் படை கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை போட வேண்டும். பாதி வேலை நடக்கும்போதே அக்கரையிலிருந்து செய்தி: எதிரி டாங்கிகள் நடமாட்டம் தெரிகிறது, உடனே நம் டாங்கிகள் வேண்டும். பாதை முடியும்வரை காத்திருந்தால் காலாட்படை தாங்காது. ஹனுத் சிங் காத்திருக்கவில்லை. விடிவதற்கு வெகு முன்பே, முழுசாகச் சுத்தம் செய்யாத கண்ணிவெடி வயலுக்குள் டாங்கிகளை இறக்கிவிட்டார்.

இந்த இடத்தில் டிரைவர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணிவெடிப் பாதையில் டிரைவருக்கு ஒரே ஒரு வேலை: முன்னால் போன வண்டியின் செயின் தடத்தை விட்டு இம்மி நகரக்கூடாது. பயிற்சியில் வெறும் தகர டப்பாவைப் புதைத்துவிட்டு எங்களை ஓட்டச் சொல்வார்கள். வெடிக்காது என்று தெரியும். இருந்தும் ஸ்டியரிங் பிடித்த கை வழுக்கும், அப்படி வியர்க்கும். அது பட்டப்பகலில். பசந்தரில் டிசம்பர் மாத இருட்டு. அடியில் இருந்தது டப்பா இல்லை.

எல்லோரும் கடந்துவிட்டார்கள்.

காலை எட்டு மணி வாக்கில் பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் என்ற டாங்கிப் படை பேட்டன் டாங்கிகளோடு எதிர்த்தாக்குதலுக்கு வந்தது. ஜர்பால் என்ற கிராமத்துப் பக்கம் நின்றிருந்த நம் ‘பி’ ஸ்குவாட்ரன் (ஸ்குவாட்ரன் என்பது ரெஜிமென்டின் ஒரு பிரிவு) ஆள் குறைவு, உதவி வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் கேட்டது. ‘ஏ’ ஸ்குவாட்ரனில் இருந்த அருண் அதைக் கேட்டுவிட்டுத் தன் டாங்கிகளோடு கிளம்பினார். வழியிலேயே எதிரியின் பதுங்கு நிலைகளும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளும் சுட்டன. சுற்றிப் போகாமல் நேராக அவற்றின் மேலேயே ஏறிப் போயிருக்கிறார். சுட்டவர்களைக் கைத்துப்பாக்கியைக் காட்டிப் பிடித்துமிருக்கிறார். அவருடைய டாங்கிகளில் ஒன்றின் கமாண்டர் அங்கேயே இறந்துபோனார்.

ஜர்பாலில் கடைசியாக நின்ற நம் டாங்கிகள் மூன்று. ஒன்று அடிபட்டுவிட்டது. இன்னொன்றில் பீரங்கி சிக்கிக்கொண்டது. சுடக்கூடியது அருணின் வண்டி மட்டும். அந்த மோதலில் எதிரியின் பத்து டாங்கிகள் வீழ்ந்தன, அவற்றில் நாலு அருணுடைய கணக்கு என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. நடுவில் அவர் வண்டியிலும் குண்டு பாய்ந்து தீப்பிடித்தது. அவருக்கும் பலத்த காயம். வண்டியை விட்டு இறங்கு என்று உத்தரவு வந்தது. இறங்கவில்லை. இன்னொரு டாங்கியையும் அடித்தார். அடுத்து வந்த குண்டில் முடிந்துபோனது. வயது 21, இரண்டு மாதம், இரண்டு நாள்.

அன்று சாயந்தரம்தான் நீங்கள் சொன்ன டாக்கா கையெழுத்து. மறுநாள் ராத்திரி மேற்கிலும் சண்டை நின்றது. அதற்குள் சம்பா அருகே அவரைத் தகனம் செய்துவிட்டார்கள். டெல்லியில் வீட்டாருக்கு விஷயம் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. நீங்கள் தபால்காரராக இருந்தவர். சண்டை நின்றுவிட்டது, பையன் எந்த நேரத்திலும் வந்துவிடுவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் தந்தியோடு போகிற ஆளின் நிலைமை எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

வாசகர், கடலூர்: ‘முன்னாள் தபேதார்’ என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். எந்த கலெக்டரிடம் இருந்தீர்கள்?

சிவப்புப் பட்டை மாட்டிக்கொண்டு கலெக்டருக்கு முன்னால் நடப்பவர் வேறு தபேதார். காலாட்படையில் ஹவில்தார் என்பதை டாங்கிப் படையில் தபேதார் என்போம். குதிரைப் படைக் காலத்துப் பெயர். சிப்பாய்க்கு எங்களிடம் சவார். குதிரை போய் எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, பெயர் போகவில்லை.

தமிழாசிரியை, விழுப்புரம்: டாங்கிக்குள் எத்தனை பேர் இருப்பார்கள்? உள்ளே எப்படி இருக்கும்? சினிமாவில் காட்டுவதை நம்புவதற்கில்லை.

அருணின் வண்டி செஞ்சூரியன். ஐம்பது டன் பக்கம் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் என்பதைக் கவனியுங்கள். தீப்பிடித்த வண்டியை விட்டு இறங்கு என்று சொல்வதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று புரியும். வண்டிக்கு ‘ஃபாமகுஸ்தா’ என்று பெயர். சைப்ரஸ் தீவில் உள்ள துறைமுக ஊர். இப்போது அகமத்நகரில் (ஊரின் புதுப் பெயர் அகில்யாநகர்), டாங்கிப் படைப் பயிற்சி மையத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நாலு பேர். மேலே கோபுரத்தில் மூவர்: கமாண்டர், குறி பார்த்துச் சுடும் கன்னர், குண்டு போடும் லோடர். வயர்லெஸ்ஸும் லோடர் பொறுப்பு. முன்பக்கம் கீழே, தனியாக டிரைவர்.

நான் ஓட்டியது நம் ஆவடியில் செய்த விஜயந்தா. அதிலும் நாலு பேர்தான், அதே 105 பீரங்கிதான். டிரைவர் மூடியைச் சாத்திவிட்டால் எதிரே பெரிஸ்கோப்பில் கைக்குட்டை அகலத்துக்கு உலகம் தெரியும். இடது கைப்பக்கம் குண்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது கிலோ. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. காதில் மாட்டிய கருவியில் கமாண்டர் குரல் மட்டும். ‘டிரைவர், லெஃப்ட்.’ ‘டிரைவர், ஹால்ட்.’ பீரங்கி வெடித்தால் வண்டி ஒரு எக்கு எக்கும், தூசி முழுக்க மூக்கில் வரும், பின்னாலேயே மருந்து நாற்றம். ராஜஸ்தான் பயிற்சியில் ஸ்பேனரை வெயிலில் விட்டுவிட்டு எடுத்தேன், உள்ளங்கையில் அதன் அச்சு மூன்று நாள் இருந்தது.

அதனால் ஃபாமகுஸ்தா என்றால் எனக்கு முதலில் அருண் நினைவுக்கு வருவதில்லை. டிரைவர் பிரயாக் சிங்தான் வருகிறார். கன்னர் நாது சிங். வயர்லெஸ் பார்த்தவர் நந்த் சிங். மூவரும் சவார்கள். நந்த் சிங் அந்த வண்டியிலேயே இறந்துபோனார். மற்ற இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். கமாண்டர் ‘இறங்க மாட்டேன்’ என்றால் அது நாலு பேருக்குமான முடிவு. கைக்குட்டை அகல உலகத்தைப் பார்த்துக்கொண்டு, பின்னால் எங்கே எரிகிறது என்றும் தெரியாமல், குரல் வரும்வரை எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பதக்கத்தில் ஒரு பெயர்தான் பொறிக்க முடியும், சரி. பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொன்னீர்கள் என்றால் நாலு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் டீச்சர்.

வழக்கறிஞர், மதுரை: மேலதிகாரி இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. ராணுவத்தில் இது உத்தரவை மீறிய குற்றமாகாதா? அதற்கு எப்படிப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள்?

வக்கீல் கேள்விதான். வயர்லெஸ்ஸில் அருண் சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது: ‘இல்லை சார், டாங்கியை விட மாட்டேன். மெயின் கன் இன்னும் வேலை செய்கிறது. இவன்களைத் தீர்க்காமல் விட மாட்டேன்.’ அவர் சொன்னதில் ‘இவன்கள்’ என்ற இடத்தில் வேறு வார்த்தை. எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டாராம்.

என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். அந்த உத்தரவு இவர் உயிரைக் காப்பாற்றக் கொடுத்தது. இவருக்கு அன்று காலை கொடுத்த வேலையோ எதிரியை அந்த இடத்தைத் தாண்ட விடாமல் தடுப்பது. இரண்டும் ஒன்றோடொன்று மோதியபோது இவர் முதலில் கொடுத்த வேலையை எடுத்துக்கொண்டார். விருதுக் குறிப்பும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: எதிரி முன்னேறிக்கொண்டே இருந்தான், வண்டியை விட்டால் உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான் என்று உணர்ந்து நின்றார் என்று. அவர் சொன்ன காரணத்தையும் பாருங்கள். நாடு, மானம், ரத்தம் எதுவும் இல்லை. பீரங்கி வேலை செய்கிறது, அவ்வளவுதான். மெக்கானிக் பேச்சு. கை ஒடிந்திருந்தால் இறங்கியிருப்பார் என்று நினைக்கவில்லை. பீரங்கி ஒடிந்திருந்தால் இறங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிழைத்து வந்திருந்தால் விசாரணை வந்திருக்குமா என்று கேட்பீர்கள். ஹனுத் சிங்கைப் பற்றிக் கேள்விப்பட்டவரை, வந்திருக்காது.

மாணவர், கும்பகோணம்: பரம்வீர் சக்கரம் பெற்றவர்களில் இவர்தான் மிக இளையவரா?

அப்போது இவர்தான். பிறகு 1999 கார்கில் போரில் யோகேந்திர சிங் யாதவ் 19 வயதில் வாங்கினார், அதுவும் உயிரோடு. 1971-ல் நாலு பேருக்குக் கொடுத்தார்கள். பிழைத்தவர் ஒருவர்தான், மேஜர் ஹோஷியார் சிங். அவரும் இதே ஜர்பால் சண்டைக்காரர்.

வாசகர், திருச்சி: வடநாட்டு வீரர்களையே எழுதுகிறீர்களே, நம் ஆட்கள் அந்தச் சண்டையில் இல்லையா?

இருந்தார்கள். பூனா ஹார்ஸ் இருந்த 16வது டாங்கி பிரிகேடிலேயே 16 லைட் கேவல்ரியும் இருந்தது. அது தெற்கத்திப் பையன்களின் ரெஜிமென்ட். தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் கலந்து கேட்கும். அப்புறம், திருச்சியிலிருந்து கேட்கிறீர்கள். உங்கள் ஊரில் மேஜர் சரவணன் பெயரில் சாலை இருக்கிறது. கார்கில் போர், படாலிக் பகுதி, 1999 மே 29, வயது 26. உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தச் சாலையில் தினமும் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நீங்களே கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

வங்கி ஊழியர், கோவை: அருணைச் சுட்டவரே பின்னாளில் அவர் அப்பாவைச் சந்தித்ததாகப் படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. பிரிகேடியர் கேத்தர்பாலுக்குச் சொந்த ஊர் சர்கோதா, இப்போது பாகிஸ்தானில். சாவதற்குள் பிறந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று 2001-ல் போனார். அப்போது வயது 81. லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்க வைத்துக்கொண்டவர் பாகிஸ்தான் ராணுவத்தில் ஓய்வு பெற்ற பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். பெரியவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்களாம். கூடவே இருந்து சாப்பிட வைத்து, எங்கே போக வேண்டும் என்றாலும் அழைத்துப் போய், மூன்று நாள். இவ்வளவு எதற்கு என்று பெரியவருக்கே புரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நாசர் வாயைத் திறந்தார். பசந்தரில் 13 லான்சர்ஸின் ஸ்குவாட்ரனை நடத்தி வந்த மேஜர் நான்தான், எதிரே நின்ற டாங்கி உங்கள் மகனுடையது, என் கையால்தான் அவர் போனார் என்றார். இரண்டு வண்டிகளும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டன, நாசர் பிழைத்தார், அருண் பிழைக்கவில்லை. உள்ளே இருந்தவருக்கு 21 வயது என்று சண்டை முடிந்த பிறகுதான் நாசருக்குத் தெரியும். முப்பது வருடமாக இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறார்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்கிறோம். உப்பிட்டவரே மகனைக் கொன்றவர் என்றால் என்ன செய்வது? பெரியவர் கத்தவில்லை, எழுந்து போகவில்லை. அவரும் பட்டாளத்துக்காரர், எதிரே இருந்தவர் செய்ததும் அதே வேலை என்று தெரிந்தவர். பெரியவர் ஊர் திரும்பிய பிறகு நாசர் ஒரு படம் அனுப்பினார். அதோடு வந்த எழுத்தில், அருண் அசைக்க முடியாத பாறை மாதிரி நின்றதைப் பற்றி எழுதியிருந்தார். அருண் படித்த தேசியப் பாதுகாப்பு அகாடமி புனேயில் இருக்கிறது, அதன் அணிவகுப்பு மைதானத்துக்கு அருண் பெயர். அந்தமானில் 2023-ல் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள். அந்த வீட்டில் எதைச் சட்டம் போட்டு மாட்டுவது என்று என்னைக் கேட்டிருந்தால் நாசரின் எழுத்தைத்தான் சொல்லியிருப்பேன். எதிரே நின்று சுட்டவன் தரும் சர்டிபிகேட்டில் பொய் இருக்காது.

ஒரு தாய், குடியாத்தம்: என் மகன் அக்னிவீர் தேர்வுக்குப் போகிறேன் என்று தினமும் விடிகாலையில் எழுந்து ஓடுகிறான். ஒரே பையன். நீங்கள் எழுதுவதை எல்லாம் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறான். உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் என்ன செய்யட்டும்?

கோபப்படுங்கள் அம்மா, தப்பில்லை. என் அம்மா காட்பாடி ஸ்டேஷனில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ரயில் கிளம்புவதற்கு முன்னாலேயே திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். அழுதாளா என்று கூடத் தெரியாது. எனக்கும் கோபம்தான் வந்தது, கையாவது ஆட்டியிருக்கலாமே என்று. 24 வருடமும் தபால்காரர் தெருவில் நுழைந்தால் அவள் புழக்கடைக்குப் போய்விடுவாளாம். கடிதத்தை யாராவது வாங்கிப் படித்து, ‘நல்லாயிருக்கானாம்’ என்று குரல் கொடுத்த பிறகுதான் முன்பக்கம் வருவாளாம். நான் ரிட்டயராகி வந்த பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

தடுக்கவும் சொல்ல மாட்டேன், அனுப்பவும் சொல்ல மாட்டேன். தேர்வில் 1,600 மீட்டர் ஓட்டம் இருக்கிறது. ஓடுகிற பையனுக்குக் காலையில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், எந்த வேலைக்குப் போனாலும் அந்த உடம்பு வீண்போகாது. இன்னொன்றும் செய்யுங்கள். அடுத்த வாரம் அவன் நோட்டைத் திறந்து பாருங்கள். டாங்கிச் சண்டை நடந்த பக்கத்தை மட்டும் ஒட்டியிருக்கிறானா, கோவைக்காரர் கேட்ட லாகூர் விஷயத்தையும் ஒட்டியிருக்கிறானா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.